முதல் மிஸ்டு காலுக்கு ஓடாத மோட்டார்

செய்தி வந்தபோது கண்ணமங்கலம் கடையில் ஒரு நீர்மூழ்கி மோட்டாருக்குப் பேரம் நடந்துகொண்டிருந்தது. விலை ஏறக்குறைய படிந்துவிட்டது. அந்த நேரத்தில் ஜமுனாமரத்தூர் மெக்கானிக் குமாரிடமிருந்து அழைப்பு. அவன் எப்போதும் சாமான் கேட்கத்தான் கூப்பிடுவான் என்பதால், எடுத்தவுடன் "இன்னா வேணும் குமாரு?" என்றேன். "ஒண்ணும் வேணாண்ணே. அக்கா போய்ட்டாங்க" என்றான்.

எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவான அக்கா ஒருவர்தான். காவலூர் பூங்காவனம். பேரத்துக்கு வந்தவரிடம் நாளைக்கு வாங்க என்று சொல்லி ஷட்டரை இறக்கினேன். விலை படிகிற நேரத்தில் கடையைச் சாத்துகிறவன் நான் இல்லை என்பது ஊருக்கே தெரியும். "யாரு, சொந்தமா?" என்று கேட்டார் அவர். தலையை மட்டும் ஆட்டிவிட்டு மலைக்குப் போகும் பஸ்ஸைப் பிடித்தேன்.

அவர் வீட்டு வாசலில் இரண்டு வகைக் கூட்டம் நின்றது. ஒரு பக்கம் சாமை போடுகிறவர்கள், புளி உலுக்குகிறவர்கள், அவருடன் வேலை பார்த்த வானாய்வக ஊழியர்கள். இன்னொரு பக்கம் முதுகில் பை மாட்டிய இளைஞர்கள்; பெங்களூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்தவர்கள்; அக்காவின் முகத்தை அன்றுதான் முதல்முறையாக நேரில் பார்த்தவர்கள். இந்த நினைவு மலரைப் படிக்கிற நீங்களும் அந்த இரண்டு கூட்டத்தில் ஒன்றைச் சேர்ந்தவர்களாகத்தான் இருப்பீர்கள். ஒரு பாதிக்கு அவர் எழுதிய கம்ப்யூட்டர் நிரல் தெரியும், அவரைத் தெரியாது. மறுபாதிக்கு அவரைத் தெரியும், நிரல் என்றால் என்னவென்று தெரியாது. நான் நடுவில் நின்ற வியாபாரி. தலையில் குழாய் சுமந்து இறக்கி, பிறகு குழாய் விற்று, பிறகு மோட்டார் விற்க வந்தவன். இரண்டு பேருக்கும் விளங்குகிற மாதிரி எழுதிப் பார்க்கிறேன்.

அக்கா முதன்முதலில் என் கடைக்கு வந்தது, மோட்டார் இணைப்பைப் போட்டு எடுக்கிற ஒரு ரிலே வாங்க. வானாய்வகத்தில் மின்னணுக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்திருந்த சமயம். கையில் ரிலேவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதன் மின்சுற்றுப் படம் கிடைக்குமா என்று கேட்டார்.

"மேடம், நான் சாமான் விக்கறவன். ஜாதகம் விக்கறவன் இல்ல" என்றேன்.

"பொண்ணு குடுக்கறதுக்கு முன்னாடி ஜாதகம் கேக்கறீங்க இல்ல? என் கெணத்துக்கு மாட்டப் போற சாமானுக்கு நான் கேக்கக் கூடாதா?" என்றார்.

கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே கேட்டிருக்கிறார். கம்பெனிக்கு எழுதிப் போட்டு அந்தப் படத்தை வரவழைத்துக் கொடுத்தேன். ரிலேவில் எனக்குப் பெரிய லாபமில்லை. ஆனால் அன்றிலிருந்து மலையில் யாருக்கு என்ன வேண்டுமானாலும் "கண்ணமங்கலம் ஏகாம்பரத்துக்கிட்ட போங்க" என்று அனுப்பினார். வியாபாரி நான் அதைச் சும்மா மறந்துவிடுவேனா? மேடம் அக்கா ஆனது அப்படித்தான்.

அவர் செய்துகொண்டிருந்தது மொபைல் ஸ்டார்ட்டர். போனில் கூப்பிட்டால் கிணற்று மோட்டார் ஓடும்; நிறுத்தச் சொன்னால் நிற்கும். கடையில் கிடைப்பதுதானே என்பீர்கள். மலையில் கிடைப்பவை ஓடாது. அங்கே டவர் எல்லா இடத்திலும் எடுக்காது. ஏதாவது ஒரு பாறைமேல் ஏறி நின்றுதான் பேச வேண்டும். காற்று அடித்தாலும் பேச்சு பாதியில் அறுந்துவிடும். அதனால் மலைக்காரர்கள் பேசுவதற்குப் பதிலாக மிஸ்டு கால் விடுவார்கள். ஒன்று வந்தால் ஏதோ தவறி வந்தது என்று விட்டுவிடுவார்கள்; அதே ஆளிடமிருந்து உடனே இன்னொன்று வந்தால்தான் காரியம். அந்த வழக்கத்தை அக்கா அப்படியே தன் பெட்டிக்குள் எழுதிவிட்டார். முதல் மிஸ்டு காலுக்குப் பெட்டி அசையாது. கொஞ்ச நேரத்துக்குள் இரண்டாவது வந்தால் மோட்டாரைப் போடும். பாறையில் நிற்கிறவனுக்கு இதைவிடச் சௌகரியம் வேறில்லை. குமார் பெட்டிகளைக் கோத்துக் கொடுத்தான். உதிரிச் சாமான் என்னுடையது.

அதற்குள் ஓடும் நிரலை அவர் இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்தார். எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஒரே ஒரு நிபந்தனை. அதைப் பெட்டியில் போட்டு விற்கிறவன், வாங்கினவன் கேட்டால், படித்துத் திருத்தக்கூடிய முழு மூலநிரலையும், தான் செய்த மாற்றங்களோடு, இதே நிபந்தனையில் கொடுத்தாக வேண்டும். மீறினால் அதை விற்கிற உரிமையே போய்விடும்.

"இதுல உங்களுக்கு இன்னா வருது?" என்று கேட்டேன்.

"என் கெணறு ஓடுது."

"அது சரிங்க. வருமானம்?"

"ஏகாம்பரம், நான் ராத்திரி தூங்கறேன். அந்த நேரத்துல ஆரணி காலேஜ் வாத்தியார் ஒருத்தர் உக்காந்து என் நிரல்ல இருக்கற தப்பைத் திருத்தி அனுப்பறார். அவருக்கு நான் சம்பளம் குடுக்கறேனா?"

எனக்கு அது கணக்கில் ஏறவில்லை. ஆனால் சாமான் விற்றது. எனவே மேலே கேட்கவில்லை.

சில வருடம் கழித்து, வெளியூர்க் கம்பெனி ஒன்று இதே மாதிரி ஸ்டார்ட்டரை அழகான பெட்டியில் போட்டுச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்தக் கம்பெனியின் பெயர் இந்தக் கட்டுரையில் வராது. ஏன் என்பது போகப் போகத் தெரியும். நான் டீலர்ஷிப் எடுத்தேன். கீழே, கண்ணமங்கலம் சுற்றுவட்டாரத்தில், நன்றாகப் போனது. முதலில் வந்த புகார் வேணுவுடையது. கரும்பு போடுகிறவர், வாய் கொஞ்சம் நீளம்.

"இன்னா நைனா பொட்டி குடுத்துக்கீற? ஒரு வாட்டி கூப்ட்டா திரும்பியே பாக்க மாட்டேங்குது. கோவிச்சிக்கினு போன பொண்டாட்டி மாரி ரெண்டாவது வாட்டி கூப்டணும், அப்பதான் வருது."

கடையே சிரித்தது. எனக்கு மட்டும் சுருக்கென்றது. சமவெளியில் டவர் முழுசாக எடுக்கும். இங்கே இருந்துகொண்டு இரண்டாவது மிஸ்டு காலுக்குக் காத்திருக்கும் பெட்டியை எந்த இன்ஜினியர் யோசித்து எழுதுவான்? பெட்டியை எடுத்துக்கொண்டு காவலூருக்குப் போனேன். அக்கா அதைத் திறந்து, ஒயரை மாட்டி, கம்ப்யூட்டரில் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"நிரலை மட்டும் எடுத்திருந்தா தெரிஞ்சிருக்காது. நம்ம பாறையையும் சேத்து எடுத்துக்கினு போய்ட்டான்."

எனக்கு ஆத்திரம். ஏனென்றால் அந்தப் பெட்டியில் அக்கா எழுதாத ஒன்றையும் அவர்கள் சேர்த்திருந்தார்கள்: வருடத்துக்கு ஒருமுறை கம்பெனியிடம் புதுப்பிக்க வேண்டும், அவர்களுடைய சர்வர் சரியென்று சொல்லாவிட்டால் பெட்டி மோட்டாரைப் போடாது. "யூடியூப்ல போட்டுக் கிழிச்சிடலாம்க்கா. பேப்பர்காரன் ஒருத்தன் எனக்குத் தெரியும்" என்றேன்.

"மொதல்ல காதோட சொல்லணும்" என்றார். "தெரியாமக்கூட செஞ்சிருப்பான். வெளியில போட்டு அசிங்கப்படுத்திட்டா அப்பறம் அவனுக்குத் திருந்த வழி எங்க இருக்குது?"

அவருடைய முறையே அதுதான். கடிதம் அவர் எழுதினார். பெட்டி வாங்கினவன் என்ற முறையில் மூலநிரலைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டது நான். டீலரே கேட்கிறானா என்று கம்பெனிக்குத் திகைப்பு. விற்பனை அதிகாரி ஒருவர் கடைக்கே வந்தார். நிரலைக் கொடுத்தால் விவசாயிகள் கையை வைத்து மோட்டாரை எரித்துக்கொள்வார்கள் என்றார். அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஸ்டார்ட்டர் மூடியைத் திறந்து கையை வெச்சாலும்தான் எரியும்" என்றார் அக்கா. "அதுக்குன்னு ஸ்க்ரூவுக்கு வெல்டிங் வெச்சா விக்கறீங்க?"

அதன் பிறகு நிரல் வந்தது. வந்தது என்று நான்தான் சந்தோஷப்பட்டேன். அக்கா அதைக் கோத்து ஓடவைத்துப் பார்த்தார், ஓடவில்லை. "மீதி எங்க?" என்று எழுதினார். மறுபடி ஒரு கட்டு வந்தது. அதுவும் பெட்டியில் ஏறவில்லை. மறுபடி "மீதி எங்க?" இப்படியே மாதங்கள் போயின. கம்பெனிக்காரர்கள் கோபமாக எழுதியபோதும் அவர் பதிலில் ஒரு சொல் சூடாக இருந்ததில்லை. ஒருமுறை நானே அலுத்துப்போய், "எத்தனை வாட்டிதான் கேப்பீங்க?" என்றேன். "குடுக்கற வரைக்கும். அவனுக்கு அலுப்பு வரும் பாருங்க, எனக்கு வராது" என்றார்.

இதற்கு நடுவில் கோடை வந்தது. கம்பெனியின் சர்வரில் ஏதோ கோளாறு. பணம் கட்டிப் புதுப்பித்தவர்களின் பெட்டிகளும் நின்றன. கரும்பு காய்கிறது. வேணு பொறுக்க முடியாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பெட்டியைத் தாண்டி மோட்டாருக்கு நேராக இணைப்புக் கொடுத்துவிட்டார். கிணற்றில் தண்ணீர் இறங்கினால் தானே நிறுத்தும் வேலை அந்தப் பெட்டியுடையது. பெட்டி இல்லாததால் மோட்டார் வறண்டு ஓடி எரிந்துபோனது. என் கடை வாசலில் வந்து நின்றார். அன்று அவர் வாயில் ஜோக் எதுவும் வரவில்லை. "உன் பேரைப் பாத்துதான வாங்கனேன்" என்றார். அவ்வளவுதான். எனக்கு இருக்கும் ஒரே முதல் அந்தப் பெயர்தான்.

அந்த வாரமே கம்பெனி மேலாளர் என்னைக் கூட்டிக்கொண்டு காவலூருக்கு வந்தார். மரியாதையான மனிதர், அதில் குறையில்லை. அவர் கொண்டுவந்த யோசனை இது: என் கடையில் விற்ற பெட்டிகளையெல்லாம் உடனே பூட்டுத் திறந்து விடுவார்கள், இனி புதுப்பிக்கவே வேண்டாம். அக்காவுக்கு ஆலோசகர் பதவி. பதிலுக்கு, நிரலைத் திறக்காமல் விற்றுக்கொள்ள அவர் தனியாக ஒரு அனுமதி எழுதித் தர வேண்டும்.

நான் ஒப்புக்கொள்ளச் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் வியாபாரியாக அதைத்தான் சொல்வேன். மேலாளரை வாசலில் உட்காரவைத்துவிட்டு அடுப்படியில் நின்று சண்டை போட்டோம்.

"வேணு கரும்பு காயுதுக்கா. நம்ம ஆளுங்க தப்பிச்சா போதாதா?"

"போளூர்ல வாங்கனவன் இன்னா பாவம் பண்ணான்?"

"அவன் என் கஸ்டமர் இல்லியே!"

"உங்க கஸ்டமர் இல்ல. அவன் பொட்டிக்குள்ள ஓடறது என் நிரல்தான?"

"தர்மம் பேசாதீங்க. நாளைக்கு அந்த ஆளு மனசு மாறிட்டா இதுவும் கெடைக்காது."

அவர் பாலை இறக்கி வைத்தார். "சரி, வியாபாரமே பேசறேன். தண்ணி வத்துனா நிக்கற பகுதி குமார் எழுதனது. மோட்டார் சூடாவறதைப் பாக்கறது ஆரணி வாத்தியாருது. தெலுங்குல மெசேஜ் வர்றது சித்தூர் பக்கம் ஒரு பையனோட வேலை. இன்னும் எத்தனையோ பேரு கீறாங்க. அத்தனை பேரும் இதே நிபந்தனையை நம்பித்தான் குடுத்தாங்க. உங்களுக்குப் பங்காளிங்க இருக்கறப்ப, அவங்களைக் கேக்காம கடையை எழுதிக் குடுத்துடுவீங்களா?"

கூட்டுக் கடையில் கூட்டாளிக்குத் தெரியாமல் கையெழுத்துப் போட்டவன் எங்கள் தெருவில் ஒருவன் உண்டு. இன்றுவரை அவனுக்கு யாரும் சரக்கு கொடுப்பதில்லை. பால் கலந்து காபி எடுத்துக்கொண்டு வெளியே போய், அக்காவே மேலாளரிடம் சொன்னார்: "மன்னிச்சுக்கோங்க சார், விக்கறதுக்கு இது என் ஒருத்தியோடது இல்லீங்க. காபி சாப்பிடுங்க."

அடுத்த வாரமே எனக்கு டீலர்ஷிப் போனது. நான் அக்காவிடம் கொஞ்ச நாள் பேசவில்லை. அவர் பேசினார். குமாரை அனுப்பி, நின்றுபோன பெட்டி வைத்திருந்த என் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் தன்னுடைய பழைய மாதிரிப் பெட்டிகளைத் தற்காலிகமாக மாட்டிக் கொடுத்தார். எரிந்த மோட்டாருக்குப் புதிதாகக் கம்பி சுற்றி மாட்டியதும் வேணுவின் கரும்பு முக்கால்வாசி பிழைத்தது. பழைய பெட்டியும் ஒரு மிஸ்டு காலுக்கு ஓடாதுதான். வேணு இரண்டாவது மிஸ்டு காலையும் விட்டு ஓட்டிக்கொண்டார்.

அதன் பிறகுதான் பெங்களூர் வக்கீல் ஒருவர் மூலம் அக்கா கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பினார். நான் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நஷ்ட ஈடு என்று ஒரு வரி இல்லை. நிபந்தனையை மீறியதால் விற்கும் உரிமை உங்களுக்குப் போய்விட்டது. முழு நிரலையும் கொடுத்த நாளிலேயே அந்த உரிமையைத் திருப்பித் தருகிறோம். அவ்வளவுதான். எனக்கு ஏமாற்றம். கழுத்தில் கயிறு விழுந்திருக்கிறது, இழுக்காமல் விடுகிறாரே என்று. "அவன் கடையை மூடறது சுலபம் ஏகாம்பரம். மூடிட்டா அந்தப் பொட்டிங்களுக்கு அப்பறம் யாரு பொறுப்பு?" என்றார். இதில் மட்டும் அவர் என்னைவிடப் பெரிய வியாபாரி.

கோர்ட்டுக்குப் போகும் முன்பே நிரல் வந்தது. இந்தமுறை முழுசாக. என் கடை மேசைமேல் வைத்துத்தான் அக்கா அதைக் கோத்து, வேணுவின் கம்பெனிப் பெட்டியில் ஏற்றினார். பூட்டை எடுத்துவிட்டார். கீழ்நாட்டுக்காரர்களுக்காக இன்னொன்றும் செய்தார்: ஒரு மிஸ்டு காலா, இரண்டா என்று வாங்கினவரே வைத்துக்கொள்ளலாம். வேணு கடை வாசலில் நின்று ஒரே ஒரு மிஸ்டு கால் விட்டார். மேசைமேல் இருந்த பெட்டி டக் என்று எடுத்தது. "அடேயப்பா, சமாதானம் ஆயிட்டாடா" என்றார். போளூரிலும் செய்யாற்றிலும் அப்புறம் எங்கெங்கோ இருந்தவர்களும் அந்த நிரலை எடுத்துத் தங்கள் பெட்டிகளைத் திறந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது.

எனக்குப் பிடிக்காத காரியம் ஒன்றையும் அவர் கடைசியில் செய்தார். அந்தக் கம்பெனி நிபந்தனையை நிறைவேற்றிவிட்டது என்று நன்றி சொல்லி இணையத்தில் எழுதினார். "தோத்தவனுக்கு மாலை போடறீங்களே" என்றேன். "அவன் தோக்கல. சேந்துட்டான்" என்றார். உண்மைதான், அந்தக் கம்பெனியின் இன்ஜினியர்கள் இப்போது தங்கள் திருத்தங்களைத் தாங்களே அனுப்புகிறார்கள் என்று குமார் சொல்கிறான். பெயரை நான் ஏன் எழுதவில்லை என்று இப்போது விளங்கியிருக்கும். அக்கா முடித்துவைத்த சண்டையை நான் ஆரம்பிக்கக் கூடாது.

இதயத்தில் கோளாறு என்று தெரிந்த பிறகும் அவர் பெரிதாக எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. நானும் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். நடைமுறை ஆளாகச் சொல்கிறேன் என்று, "எல்லாரும் எழுதனதை உங்க பேருக்கே மாத்தி எழுதி வாங்கிடுங்கக்கா. பின்னாடி கேஸ் போட சுலபமா இருக்கும்" என்றேன். வக்கீலும் அதைத்தான் சொன்னாராம். "நான் இருக்கற வரைக்கும் சுலபம். எனக்கு அப்பறம்?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மருந்து மயக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்தேன்.

காரியத்தன்று அவர் மகள் கவிதா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சென்னையில் வங்கி வேலை. அம்மாவின் நிரலைப் பற்றி அதிகம் தெரியாது. வேறொரு கம்பெனியிலிருந்து துக்கம் விசாரித்துப் போன் வந்ததாம். வாரிசு என்ற முறையில் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்களாம். "இன்னா சொல்றதுன்னு தெரியல மாமா. அம்மா இதை விப்பாங்களா, மாட்டாங்களான்னு நானே யோசிச்சு யோசிச்சு தூக்கமில்ல" என்றார்.

பந்தலில் குமார் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தான். ஆரணி வாத்தியார் பந்தியில் இருந்தார். முதுகுப்பை இளைஞர்கள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கவிதாவுக்கு அவர்களைக் காட்டினேன். "நீ யோசிக்கவே வேணாம்மா. உன் அம்மா பங்கு மட்டும்தான் உன்னுது. மீதி இவங்களோடது. இத்தனை பேருகிட்டயும் கையெழுத்து வாங்கிக்கினு வரச் சொல்லு" என்றேன். அந்தப் பெண் பந்தலையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகுதான் அழுதது. வந்ததிலிருந்து அழவில்லை என்று பக்கத்திலிருந்தவர்கள் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் அக்கா மயக்கத்தில் பேசவில்லை என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எல்லாம் அவர் பேரிலேயே இருந்திருந்தால், இந்தப் பெண்ணிடம் ஒரு கையெழுத்து வாங்கினாலே போதுமாக இருந்திருக்கும்.

எனக்கு நிரல் எழுத வராது. படிக்கவும் வராது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று; அதற்குப் படிப்பும் வேண்டாம். சென்ற வாரம் புதுக் கம்பெனி விற்பனைப் பையன் ஒருவன் சொட்டுநீருக்கான பெட்டியோடு கடைக்கு வந்தான். சாமான் நன்றாகத்தான் இருந்தது. கமிஷனும் நன்றாக இருந்தது. எல்லாம் பேசி முடித்த பிறகு, இதற்குள் ஓடும் மென்பொருள் யாருடையது, அதன் மூலநிரலை வாங்குகிறவனுக்குத் தருவீர்களா என்று கேட்டேன்.

"சார், இத்தனை கடைக்குப் போயிருக்கேன், இதுவரைக்கும் யாருமே கேட்டதில்ல" என்றான்.

"இப்ப கேட்டுட்டேன் இல்ல?" என்றேன். குரலை உயர்த்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காரச் சொல்லி, அவனுக்கு ஒரு காபி வரவழைத்தேன்.